இருபது டிகிரியும் ஓர் எழுச்சியுரையும்

வாசகரே, உங்களை நடுவராக அழைக்கவில்லை. நடுவர்கள் என்னை நன்கறிவார்கள். சாட்சியாக அழைக்கிறேன். பேச்சுப்போட்டிக் கோப்பைகளுக்கென்று வீட்டில் தனி அலமாரி கேட்டவன் நான் (கிடைத்தது பரண்). அப்படிப்பட்டவன் ஓர் உயிரை வேகவைக்கப் பார்த்த வரலாற்றை நீங்கள் கேட்டே ஆகவேண்டும்!

என் அக்கா தேன்மொழி, தேர்வெழுதப் போடியிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டபோது முத்துவை என்னிடம் ஒப்படைத்தாள். முத்து ஓர் ஆக்சலாட்டல்: நான்கு கால்கள், கழுத்தோரம் இறகு போன்ற செவுள்கள், ஆயுள் முழுவதும் நீருக்குள் வாசம்.

“தண்ணி இருபது டிகிரியத் தாண்டக்கூடாதுடா. தாண்டி முத்து செத்துச்சு, ஒன்னய உசுரோட விடமாட்டேன்.”

மறுநாளே தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்தது. தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் நின்றது. வெப்பமானி இருபத்துமூன்று! கலங்கினேனா? மேற்கே மலை நிற்கையில் எனக்கென்ன கலக்கம்! முத்துவை வாளியில் இறக்கி, சுற்றிலும் ஐஸ் பாட்டில்களைக் கட்டி, போடிமெட்டு ஜீப்பில் ஏறினேன். வளைவுக்கு வளைவு வெப்பமானி இறங்கியது. என் மார்பு விரிந்தது. மாமாவின் ஏலத்தோட்டத்தை அடைந்தபோது பதினெட்டு!

அங்கே சன்னலற்ற, இருண்ட, சில்லென்ற அறையொன்று திறந்து கிடந்தது. இதைவிட உகந்த இடம் உண்டா? வாளியை மூலையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். தோட்டத்தில் வேலை செய்யும் செல்லம்மாக்கா தொடங்கினார்:

“தம்பி, அந்த ரூம்புல...”

“கவலை வேண்டாம் அக்கா!” என்று கையை உயர்த்தினேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். (கூட்டம் திரும்பிப் பார்த்துவிட்டால் நான் என் வசத்தில் இருப்பதில்லை.) “ஓர் உயிரின் வாழ்வு எங்கே இருக்கிறது? பொன்னிலா? பொருளிலா? இல்லை, இருபது டிகிரியில் இருக்கிறது!”

“அதில்ல தம்பி, அங்கன...”

“இடைமறிக்காதீர்கள் அக்கா, முடிவுரைக்கு வந்துவிட்டேன்!”

முடிவுரை அரைமணி நேரம் நீண்டது. நிறைவில் கைதட்டல் எழவில்லை. அறைக்குப் பின்னாலிருந்து புகை எழுந்தது. உள்ளே ஓடினேன். பின்புற அடுப்பை மூட்டியிருந்தார்கள்; சுவரோரக் குழாய்களில் அனல் பறந்தது. அது ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர்! மூலையில் வாளியும் இல்லை. தேன்மொழியின் முகம் கண்முன் வந்தது. சுவரோரமெல்லாம் தேடிவிட்டு வெளியே ஓடி வந்தேன்.

“எதுக்கு அங்கன தேடுற? இங்கிட்டு வா,” என்றது ஒரு குரல்.

ஓடைக்கரை நிழலில், முழங்காலளவு நீரில் வாளியைப் பிடித்தபடி செல்லம்மாக்கா நின்றிருந்தார். உள்ளே முத்து சாவகாசமாகக் காலசைத்தது. பத்தொன்பது டிகிரி.

“நீ ‘முடிவுரை’ன்னயே, அப்பவே தூக்கியாந்துட்டேன். ஒங்கிட்டச் சொல்லி முடிக்குறதுக்குள்ள இது வெந்துரும்ல?”

தொழிலாளர்கள் சிரித்த சிரிப்பு போடிவரை கேட்டிருக்கும். கேட்டுத்தான் இருக்கிறது: இன்றும் வீட்டில் நான் தொண்டையைச் செருமினால், “அடுப்பு மூட்டியாச்சா?” என்கிறாள் தேன்மொழி.

அன்று அந்தக் கரையில், அத்தனை பேர் முன்னிலையில், என் வாழ்வின் மிகச் சுருக்கமான உரையை உரக்க நிகழ்த்தினேன்: “அக்கா, இனிமேல் யார் பேசத் தொடங்கினாலும், அவர் முடிக்கும்வரை நான் வாய் திறக்கமாட்டேன்!”