கண்ணாடி அலமாரிக் காவலர்

புத்தகத்தைக் கரையானிடமிருந்து காப்பாற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எலியிடமிருந்தும் மழையிடமிருந்தும் காப்பாற்றுகிறவர்களும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். படிக்க வருகிறவர்களிடமிருந்து அதைக் காப்பாற்றுவதற்கென்றே தனியாக ஓர் இனம் இருக்கிறது. ஒரு பூட்டும் ஒரு சாவியும் கிடைத்தால் போதும், எந்த ஊரிலும் முளைத்துவிடும். எங்கள் ஊரில் முளைத்தவருக்குப் பெயர் உப்ஷெத்.

பேரரசர் எத்தியோப்பியா முழுக்கப் பள்ளிக்கூடங்களைத் திறந்துகொண்டிருந்த காலம். தெஸ்ஸே சாலையில் இருக்கும் எங்கள் சிற்றூருக்கும் ஒரு பள்ளி வந்தது. பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு வந்தது. ஒருநாள் லாரியில் முந்நூறு புத்தகங்களும் அவற்றுக்கென்று ஒரு கண்ணாடி அலமாரியும் வந்து இறங்கின. நான் அந்தப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அலமாரியில் பூட்டு இருந்தது பாருங்கள், வினையே அங்கேதான். நூலகக் காப்பாளராகிச் சாவி கைக்கு வந்ததும் உப்ஷெத்தின் நடையே மாறிவிட்டது. யார் போய்ப் புத்தகம் கேட்டாலும் முதலில் கையைப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் காயவைத்துக்கொண்டு வா என்பார், காய்ந்திருந்தால் கழுவிக்கொண்டு வா என்பார். கழுவி, துடைத்து, மூச்சு வாங்க வந்து நின்றால் விசாரணை தொடங்கும்.

"எதுக்கு இந்தப் புஸ்தகம்?"

"படிக்கத்தான்."

"சரி, படிச்சு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் புத்தகத்தோடு வீடு திரும்பியவர் எங்கள் ஊரில் இல்லை.

தேன்மது காய்ச்சி விற்கும் அஸ்கலெச் மட்டும் விடவில்லை. நாற்பத்தைந்து வயதில் சாயங்கால வகுப்புக்கு வந்து, அம்ஹாரிய மொழியின் இருநூற்றுச் சொச்சம் எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சண்டை போட்டுக் கற்றவள். அவளுடைய ஏழு தேன்கூடுகளில் எறும்பு புகுந்து நான்கு காலி. மற்ற மூன்றும் போனால் பிழைப்பே போச்சு. கண்ணாடிக்குப் பின்னால் தேனீ வளர்ப்புப் புத்தகம் ஒன்று இருப்பதை அவள் எழுத்துக்கூட்டிக் கண்டுபிடித்திருந்தாள்.

"அண்ணே, அந்த மஞ்ச அட்டைய எடுங்க."

"அது பேரரசர் குடுத்தது."

"எங்களுக்குத்தானே குடுத்தாரு?"

"உங்களுக்குத்தான். அதான் பத்திரமா வெச்சிருக்கேன்."

"தேனீயெல்லாம் ஓடுது அண்ணே."

"தேனீ போனா வேற வரும். அட்டை கிழிஞ்சா வருமா?"

இப்படிப் பதினொரு முறை போனாள், பதினொரு முறை வந்தாள்.

அப்போதுதான் ஒரு தந்தி வந்தது. பேரரசர் இந்த வழியாகப் போகிறார், நூலகத்தையும் பார்க்கக்கூடும் என்று. உப்ஷெத் கணக்குப் போட்டார். வாசகரே இல்லாத நூலகத்துக்குக் காப்பாளர் எதற்கு என்று யாராவது கேட்டுவிட்டால்? அவரே தெருவில் இறங்கிப் பன்னிரண்டு பேரைப் பிடித்துவந்து உட்காரவைத்தார். எனக்கு ஒரு பிரெஞ்சு சமையல் புத்தகம் வாய்த்தது. முடிவெட்டுகிறவர் பூகோளப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அஸ்கலெச் மஞ்சள் அட்டையைக் கொடுத்தால்தான் உட்காருவேன் என்று நின்று வாங்கிக்கொண்டாள்.

"பக்கத்தை யாரும் புரட்டக் கூடாது," என்றார் உப்ஷெத். "கண்ணு மட்டும் அசையலாம்."

கார் வந்தது. நிற்காமலே போய்விட்டது. நாங்கள் பதினொரு பேரும் எழுந்து, ஜன்னல் பக்கம் திரும்பி, புழுதிக்கு இடுப்பு வளைய வணக்கம் போட்டோம். பின்னாலேயே வந்த கல்வி அதிகாரி இறங்கி உள்ளே வந்தபோதும் வளைந்தபடியேதான் இருந்தோம். அஸ்கலெச் மட்டும் உட்கார்ந்திருந்தாள். விரலை வரியில் ஓட்டி, பக்கத்தையும் புரட்டினாள்.

"எந்திரி," என்று பல்லைக் கடித்தார் உப்ஷெத்.

"இருங்க அண்ணே, இப்பதான் எறும்பு வந்திருக்கு."

அதிகாரி சட்டென்று ஒரு காலைத் தூக்கினார். பிறகு அது புத்தகத்து எறும்பு என்று புரிந்து, காலை இறக்கி, "என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"கூட்டுக்கு நாலு கால் வெச்சு, ஒவ்வொரு காலையும் எண்ணெய்க் கிண்ணத்துல நிறுத்தணுமாம். அடுத்த வரி இன்னும் எழுத்துக்கூட்டல, பேசாம இருங்க."

அதிகாரி எங்கள் முதுகுகளைப் பார்த்தார், தலைகீழ்ப் பூகோளத்தையும் பார்த்தார். "இங்க ஒருத்தங்கதான் படிக்கிறாங்க. புஸ்தகத்தை அவங்ககிட்டயே குடுத்தனுப்புங்க. அந்தப் பூட்டையும் கழட்டிடுங்க," என்றார்.

உப்ஷெத் உத்தரவை மீறவில்லை. பூட்டைக் கழற்றித் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, புத்தகப் பட்டியலில் முந்நூற்றொன்றாவது எண்ணாகப் பதிந்து, அலமாரிக்குள்ளேயே வைத்தார். அதைப் பார்க்க வேண்டுமென்றாலும் கை கழுவ வேண்டும்.

அஸ்கலெச்சின் மூன்று கூடுகளும் பிழைத்தன. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அடுத்த பருவத்தில் ஒருநாள் அவள் கடையில் நான் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டுத் திருவெர்க் ஓடிவந்தாள்.

"அக்கா, எங்க கூட்டுலயும் எறும்பு ஏறிடுச்சு. அந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் தாங்களேன்."

மஞ்சள் அட்டை அஸ்கலெச்சின் மரப்பெட்டிக்குள், இரண்டு துணி சுற்றிப் பத்திரமாக இருந்தது. சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. அவள் திருவெர்க்கை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கை ஈரமா இருக்கே," என்றாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். போன வாரம் உங்கள் நண்பர் ஒரு புத்தகம் இரவல் கேட்டாரே, "எங்கே வெச்சேன்னு தெரியல, தேடிப் பார்க்கிறேன்" என்றீர்களே, தேடினீர்களா?