ரொட்டிக்காரரிடம் தோற்ற குண்டான் முசியே

செல்வி, குமரா, இரண்டு பேரும் கேளுங்கள். எதிராளிக்கே தெரியாமல் அவனோடு பந்தயம் ஓட்டி, அதிலும் தோற்கக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் நம் புதுச்சேரியில்தான் இருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவர் குண்டான் முசியே; முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டுபோகிற வேலை பார்த்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். நான் சொல்வது பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலைந்து வருஷம் ஆன சமயம். எனக்கு வைத்திக்குப்பம் திருப்பத்தில் இருந்த ஐஸ் கம்பெனியில் வேலை. உங்கள் அம்மாவை அப்போது நான் பார்த்தது கூட இல்லை.

முசியேவுக்குக் கப்பலில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை வரும். அதில் மோட்டார் சைக்கிள் பந்தயச் செய்தி இருக்கும். வருஷத்துக்கு ஐந்து சுற்று, ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேசத்தில். முதலில் வந்தவனுக்கு எட்டுப் புள்ளி, இரண்டாவது வந்தவனுக்கு ஆறு. ஐந்தையும் கூட்டி அதிகம் வாங்கியவன் வீரன். அங்கே நடக்கிறபடி இங்கேயும் நடக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். ஒல்லாந்து சுற்று, பெல்ஜியம் சுற்று, இத்தாலி சுற்று எல்லாமே நம் கடற்கரை ரோட்டில்தான்.

தலைக்கவசம் இல்லாமல் ஓட்டக் கூடாது என்பது அந்தப் பத்திரிகை சொன்ன பந்தயச் சட்டம். அதற்காகச் சோறு வடிக்கிற அலுமினியக் குண்டானைத் தலையில் கவிழ்த்து, தாடையோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொள்வார். பந்தயம் முடிந்து வீட்டுக்குப் போனால் அவர் மனைவி வாசலிலேயே நிற்பார்.

"ஏங்க, அரிசி ஊறிக் கெடக்குது. தலைய இப்பிடிக் குடுங்க!"

எல்லாம் சரி, கூட ஓட்ட ஆள் வேண்டாமா? ஊரில் யாரும் வரவில்லை. காலையில் ஆறு மணிக்கு ஒருவர் மட்டும் அதே ரோட்டில் மோட்டார் சைக்கிளில் போவார். பின்னால் இரண்டு கூடை கட்டி, வீடு வீடாக ரொட்டி போடுகிறவர். முசியே அவர் பெயரையும் நோட்டில் எழுதிப் புள்ளி போட ஆரம்பித்துவிட்டார். ரொட்டிக்காரருக்கு ஒன்றும் தெரியாது.

"வீட்டுக்கு வீடு நிக்கிற ஆளு. அவர எப்பிடி முசியே உங்களால ஜெயிக்க முடியல?" என்று கேட்டேன். பந்தயம் முடிகிற வைத்திக்குப்பம் திருப்பத்தில் கொடிக்குப் பதில் துண்டை வீசுகிறவன் நான்தான்.

"ஏன்டா தம்பி, எதிராளி ரொட்டி குடுக்கறப்ப விட்டுட்டு ஓடிப்போனா அது ஆம்பளைக்கு அழகா?"

ரொட்டிக்காரர் ஒரு வாசலில் நின்றால் இவரும் பத்தடி முன்னால் நிறுத்திவிட்டு, கடலைப் பார்ப்பதுபோல நிற்பார். அவர் புறப்பட்டால்தான் இவரும் புறப்படுவார். ஒரு சுற்றில் போலீஸ்காரருக்குச் சலாம் வைக்கப் போய் வண்டி அணைந்துவிட்டது. இன்னொன்றில் குண்டான் கண்ணை மறைத்து, வைத்திக்குப்பத்தில் காய்ந்துகொண்டிருந்த வலைக்குள் வண்டியோடு நுழைந்துவிட்டார்.

"யோவ், தல வைக்கிற எடத்துல குண்டான வச்சா வழி எப்பிடித் தெரியும்?" என்று மீன்காரம்மா வலையிலிருந்து அவரைப் பிரித்தெடுத்தார்.

முதல் இரண்டு வருஷமும் ரொட்டிக்காரர்தான் வீரன். மூன்றாவது வருஷம் நாலு சுற்று முடிந்தபோது ஆளுக்கு இரண்டு வெற்றி. இனி இத்தாலி சுற்று ஒன்றுதான் பாக்கி. அப்போதுதான் அவர் மனைவி ஒரு நிபந்தனை போட்டார்.

"இந்த வருஷமும் தோத்தீங்கன்னா வண்டிய வித்துட்டு எனக்குத் தையல் மிஷின் வாங்கிக் குடுக்கணும்."

"பரோல்!" என்றார் முசியே. பிரெஞ்சில் அது பட்டாளத்துக்காரர் கொடுக்கிற வாக்கு. தலை போனாலும் மாறாது.

அந்த வண்டி போனால் அவர் எப்படி இருப்பார் என்று என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. முதல் நாள் சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் ரொட்டிக்கடைக்குப் போனேன்.

"அண்ணே, நாளைக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் மெதுவாப் போங்களேன்."

ஏன் என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். மாவுக் கையோடு எழுந்து வெளியே வந்தார்.

"நான் ஜெயிச்சனா? ரெண்டு வாட்டியா?"

"ஆமாண்ணே. அதனாலதான் நாளைக்கு..."

"பள்ளிக்கூடத்துல சாக்கு ஓட்டத்துல கூட கடைசியா வந்தவன் தம்பி நானு! நாளைக்குப் பாரு, தம்பி. நீ பாரு!"

நான் செய்த தப்பு அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலையில் முசியே வழக்கம்போல முதல் வீட்டைத் தாண்டி நிறுத்திக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். ரொட்டிக்காரர் நிற்கவே இல்லை. தலையில் முண்டாசு, வாயில் ஊளை. ஒரு கையால் வண்டியைப் பிடித்து, மறு கையால் ரொட்டியை வாசல் வாசலாக வீசிக்கொண்டே பறந்தார். ஒரு ரொட்டி மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்த பெரியவரின் மடியில் விழுந்தது. ஒன்று முசியேவின் குண்டானில் டங்கென்று பட்டது. அந்தச் சத்தத்தில்தான் முசியே விழித்தார்.

பிறகு அவர் ஓட்டினார் பாருங்கள்! அப்படி ஓட்டி நான் பார்த்ததே இல்லை. திருப்பத்தில் இரண்டு வண்டியும் ஒன்றாக வந்தன. யாருக்கு வீசுவது என்று தெரியாமல் துண்டோடு நின்றேன். அரைச் சக்கர வித்தியாசத்தில் ரொட்டிக்காரர் தாண்டிப் போனார்.

முசியே இறங்கினார். குண்டானைக் கழற்றினார். அழப் போகிறார் என்று நினைத்தேன். ஓடிப்போய் ரொட்டிக்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"மூணு வருஷமா தனியாத்தான்டா ஓட்டினேன். இன்னிக்குத்தான் கூட ஒருத்தன் ஓட்டுனான்!"

பிறகு என் பக்கம் திரும்பி, "இவனுக்கு எப்பிடிடா தெரிஞ்சுது?" என்றார். நான் கடலைப் பார்த்தேன்.

அந்த வாரமே வண்டி அரியாங்குப்பத்து ரைஸ் மில்காரருக்குப் போய்விட்டது. தையல் மிஷின் வந்தது. முசியே அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் வேகமா மிதி, இன்னும் வேகமா!" என்று மனைவியை விரட்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொள்ளவில்லை. நானும் கடைசிவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் சைக்கிளில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டி அரியாங்குப்பம் போனேன். மில் பூட்டியிருந்தது. வண்டி வெளியே தனியாக நின்றது. இருக்கையெல்லாம் தவிடு படிந்திருந்தது. வேட்டி நுனியால் அதைச் சுத்தமாகத் துடைத்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.