பசளை தடையில்லை

தம்பலகாமத்துக் கூட்டம் முடிந்து விவசாய அதிகாரி தங்கரத்தினம் ஜீப்பில் ஏறுவதற்குள், கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பசளைக் கடை வாசலில் உர மூட்டைக்கு வரிசையாக நின்றார்கள்.

"என்ன முனாப், ஏதும் மலிவு விலையில குடுக்கிறாங்களோ?"

சாரதி முனாப் கண்ணாடியை இறக்கி விசாரித்துவிட்டுத் திரும்பினான்.

"இல்ல சேர். பசளையை நிப்பாட்டப் போறாங்களாம். நீங்கதான் கூட்டத்துல சொன்னீங்களாம்."

தங்கரத்தினம் அப்படி எதுவும் சொல்லவில்லை. நெல்லுக்கு ஒரு தேசியத் தர நியமம் வரப்போகிறது, மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் விளைவிப்பவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கும், அந்த நெல்லுக்கு நல்ல விலை வரும், வரைவைப் பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். வரைவில் ஓரிடத்தில் 'இரசாயனப் பசளைப் பாவனையைப் படிப்படியாகக் குறைத்தல்' என்று இருந்தது. அதையும் வாசித்தார்.

"விரும்பின ஆக்கள் மட்டும் சேரலாம். கட்டாயமில்லை" என்றார்.

யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எல்லோருக்கும் விளங்கிவிட்டது என்று அவர் சந்தோசப்பட்டார்.

சில வருடங்களுக்கு முன் ஒருநாள் விடிந்தபோது அரசாங்கத் தடையால் நாடு முழுக்க இரசாயனப் பசளை இல்லையென்று ஆனது. பயிர் மஞ்சளித்து, அறுக்கிற கூலிக்குக்கூட விளையாமல் போனது. அந்தப் போகத்துக்குப் பிறகு வெகுநாள், வயலோரப் பாதைகளில் போகும்போது தங்கரத்தினம் ஜீப்பில் குனிந்து எதையாவது வாசிப்பதுபோலவே இருப்பார். இந்த நியமமாவது இந்தச் சனத்துக்கு ஒரு நல்லது செய்யவேண்டுமென்று, ஓர்ஸ் ஹில்லில் இருந்த விவசாயக் கந்தோரில் மற்ற எல்லோரையும்விட அவர்தான் விரும்பினார்.

ஆகவே மறுநாள் காலையே ஜீப்பின் மேல் ஒலிபெருக்கியைக் கட்டினார்.

"பசளை தடைசெய்யப்பட மாட்டாது. ஒருவரும் பயப்பட வேண்டாம்" என்று தம்பலகாமத்து ஒழுங்கையெல்லாம் அவருடைய குரல் போனது. வயலில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் வரிசை இரண்டு மடங்காகியது. பொழுதுபடுவதற்குள் கடையில் துரு பிடித்த தராசு மட்டும் மிஞ்சியது.

"கிண்ணியாவுக்கு இந்தக் கதை பரவ முதல் நாங்கள் முந்தவேணும்" என்றார் தங்கரத்தினம்.

கிண்ணியாவில் விவசாய சங்கத் தலைவர் அபூதாஹிர். எதற்கும் பதறாத மனிதர். தேத்தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப பசளையைக் குறைக்கச் சொல்ற வசனம் அதுல இருக்கா, இல்லயா சேர்?"

"இருக்கு. ஆனா அதை நான் மாத்துவிக்கிறன்" என்று அங்கிருந்தபடியே பணிப்பாளர் சிவாஜினிக்குத் தொலைபேசி எடுத்துப் பேசி, 'பசளை' என்ற சொல்லையே வரைவிலிருந்து நீக்கச் சம்மதம் வாங்கினார். "முடிஞ்சுது. இனிமேல் பசளை எண்ட கதையே அதில இல்லை."

அபூதாஹிர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பசளையே இல்லையா?"

"பசளை எண்ட சொல் இல்லை."

"விளங்குது சேர்" என்றார் அபூதாஹிர்.

பின்னேரம் ஜீப் திரும்பிப் பாலத்தைத் தாண்டும்போது, அபூதாஹிருடைய உழவு மெஷின் பெட்டி நிறையப் பசளை மூட்டைகளோடு எதிரே வந்தது. அவர் மரியாதையாகக் கையைத் தூக்கி சலாம் சொன்னார்.

அந்தக் கிழமை முழுவதும் தங்கரத்தினம் ஊர் ஊராய் ஓடினார். விதைப்புக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் காசிருந்தவன் வீட்டில் அடுக்கிவிட்டான். இல்லாதவன் வெறும் கடையைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். மூதூரில் ஒரு மனிசி அவரிடம் ஒரேயொரு மூட்டை எடுத்துத்தரச் சொல்லிக் கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சிவாஜினி கூப்பிட்டார்.

"இருங்கோ தங்கரத்தினம். கொழும்பில இருந்து கேக்கினம். பசளையைக் குறைக்கிற நியமம் கொண்டுவரப்போன மாவட்டத்தில, ஒரு வருசமும் விக்காத அளவு யூரியா வித்திருக்காம்."

தங்கரத்தினம் கதிரையில் இருந்தார். "நான் தடையில்லையெண்டுதான் எல்லா இடமும் சொன்னனான், மிஸ்."

"தெரியும். ஒரு இடம் மட்டும் தப்பியிருக்கு. கப்பல்துறைப் பக்கம் ஆக்கள் வழமையா வாங்கிறதைத்தான் வாங்கியிருக்கினம். அங்க என்ன விசயமெண்டு பாத்து வாங்கோ. வேற இடத்துக்கும் அதைச் சொல்லலாம்."

அந்தக் கிழமையில் முதல்தடவையாக அவருடைய முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. கண்டி வீதியில் ஜீப் போகும்போது ஒரு ஊராவது நியமத்தைச் சரியாக விளங்கிக்கொண்டதே என்று நினைத்தார்.

கப்பல்துறையில் வீதியிலிருந்து உள்ளே கொஞ்சம் வயல். ஜெயரூபி என்ற பெண் மண்வெட்டியோடு வரம்பு கட்டிக்கொண்டிருந்தாள். அங்கத்தைய விவசாய சங்கத்துச் செயலாளர் அவள்தான். தங்கரத்தினம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரம்பில் நடந்து போனார்.

"தங்கச்சி, நெல்லு நியமத்தின்ர வரைவு உங்களுக்கு வந்ததோ?"

"ஓம் சேர், அனுப்பியிருந்தவை. வாசிச்சனாங்கள். நல்ல விசயம்தான். விலை வருமெண்டா நாங்களும் சேருவம்."

"பசளையை நிப்பாட்டுவினமெண்டு பயமில்லையோ?"

"அப்பிடி ஒண்டும் அதில இல்லையே சேர். விருப்பமெண்டாத்தானே சேரச் சொல்லியிருக்கு."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதேதான் தங்கச்சி. அதைச் சொல்லத்தான் நானும் வந்தனான். பசளை தடையில்லை. ஒருத்தரும் பயப்பட வேண்டாம்."

ஜெயரூபி மண்வெட்டியை வரம்பில் சாத்திவிட்டு, வாய்க்காலில் கையையும் காலையும் கழுவினாள். பக்கத்து வயலைப் பார்த்து, "அக்கா, வேலையை விட்டிட்டு மோட்டச்சைக்கிளை எடுங்கோ" என்று கூப்பிட்டாள்.

"எங்க போறீங்கள்?"

"பசளைக் கடைக்கு."

"ஏன்? இப்பத்தானே பயமில்லை எண்டு சொன்னீங்கள்."

"ஓம் சேர்" என்றாள், சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி. "நீங்கள் வந்து சொல்லும்வரைக்கும் பயமில்லாமத்தான் இருந்தனாங்கள்."