சுபாங்கனைப் பற்றிக் கோச்சிடம் நான் சொன்னது

கிரெய்கிபர்ன்,
மெல்பேண்.

பெருமதிப்புக்குரிய அத்தான் வரதராஜன் அவர்களுக்கு,

மைத்துனன் சிவபாலன் பணிவுடன் எழுதிக்கொள்வது. பரமட்டாவில் தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றிப் பொய் எழுத மனம் வரவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் அக்கா பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு அழத் தொடங்கிவிடுவா. வைபரில் எழுதினால் தவறிப்போய்க் குடும்பக் குழுவில் விழும், பிறகு கனடாவிலிருந்து விடிய விடிய ஆறுதல் வரும். ஆகவேதான் கடிதம். தயவுசெய்து தனியே இருந்து வாசியுங்கள்.

தங்கள் மருமகன் சுபாங்கன் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடுவது தாங்கள் அறிந்ததே. பேர்தான் ஃபுட்போல், எல்லாம் கையால்தான். மெல்பேணில் இருக்கிற மற்றப் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடும், இல்லாவிட்டால் இந்த ஊர் ஃபூட்டி விளையாடும். என்ரை பிள்ளை இரண்டையும் விட்டுப்போட்டு, ஒருத்தரும் பார்க்க வராத இதைப் பிடிச்சான். அதிலும் அவனுக்குக் கிடைச்ச வேலை ரிசீவர். ஒருத்தன் அங்கையிருந்து பந்தை எறிவான், இவன் ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்து அதைப் பிடிக்கவேணும். ஓட்டத்திலை ஒரு குறையும் இல்லை அத்தான், முயல் மாதிரி ஓடுறான். பந்துதான் கையிலை நிக்குதில்லை. நெஞ்சிலை படுது, தோளிலை படுது, ஒருநாள் ஹெல்மெற்றிலை பட்டு எதிர்ப்பக்கத்தான்ரை கைக்கே போச்சுது. பழகினால் வரும் எண்டு பின்வளவிலை பொழுது படும்வரைக்கும் பிடிச்சுப் பழகுறான். தாய் மயூரா எறிஞ்சு குடுக்கிறா. நல்லாத்தான் எறியிறா, அதையும் சொல்லத்தானே வேணும்.

இந்த வருசம் அணிக்கு ஆள் கூடிப்போச்சு. ரிசீவருக்கு ஒரேயொரு இடம் மிச்சம், அதுக்கு இவனும் இன்னொரு பெடியனும் போட்டி. ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு கவலையோ எண்டு நீங்கள் கேப்பியள். யூனிவேர்சிற்றிக்குப் போன முதல் வருசம் அவன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது உங்களுக்குத் தெரியும். சிநேகிதர் எண்டு ஒருத்தரும் வீட்டை வாறேல்லை. இந்த அணியிலை சேர்ந்த பிறகுதான் சாப்பாட்டு மேசையிலை வாய் திறந்து கதைக்கிறான், சிரிக்கவும் செய்யிறான். இந்த இடம் போனால் கதவு திரும்பவும் சாத்துப்படும். அதுதான் எங்கடை பயம்.

போன ஞாயிறு கோச் எல்லாக் குடும்பங்களையும் பார்பிகியூவுக்குக் கூப்பிட்டார். மயூரா மட்டன் ரோல்ஸ் பொரிச்சுக் கொண்டுவந்தவ. கோச் ஒண்டைக் கடிச்சு, உறைப்பிலை கண் கலங்கி, ஒரு மாதிரிச் சமாளிச்சுக்கொண்டு என்னட்டை வந்து, உங்கடை மகனைப் பற்றி என்ன நினைக்கிறியள் எண்டு கேட்டார். அத்தான், நாங்கள் என்ன சொல்லுவம்? பெத்த தகப்பன் நாலு பேருக்கு முன்னாலை பிள்ளையைப் புகழுறதே? கண்ணூறு படாதே? உங்கடை மகள் டாக்குத்தராய் வந்த பிறகும், ஆரும் கேட்டால் நீங்கள் அவளுக்கு ஒரு தேத்தண்ணிகூட ஊத்தத் தெரியாது எண்டுதானே சொல்லுறனீங்கள். நாங்கள் குறைச்சுச் சொல்லுவம், கேட்டவர் சீச்சீ அது தங்கமான பிள்ளை எல்லோ எண்டு தூக்கிச் சொல்லுவார். அதுதானே முறை. அந்த நம்பிக்கையிலை நானும் சிரிச்சுக்கொண்டு, "அவன் சரியான சோம்பேறி. பந்து பிடிக்கத் தெரியாது. சொல்வழியும் கேளான். நீங்கள்தான் திருத்தி எடுக்கவேணும்" எண்டு எனக்குத் தெரிஞ்ச இங்கிலிஷிலை சொல்லிப்போட்டு, அவர் தூக்கிச் சொல்லுவார் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டன்.

அவர் தூக்கேல்லை. தலையை ஆட்டி, நீங்கள் சொன்னது பெரிய உதவி எண்டு கையைக் குலுக்கிப்போட்டு, மற்றப் பெடியன்ரை தகப்பனிட்டைப் போயிட்டார். அந்த மனுசன் தன்ரை மகனைப் பற்றிச் சொன்னதைக் கேக்க எனக்கே கூச்சமாக் கிடந்தது. பிறவி விளையாட்டுக்காரனாம், அமெரிக்காவிலை இருக்கவேண்டிய ஆளாம். அந்தப் பிறவி விளையாட்டுக்காரன் அங்காலை நிண்டு தட்டிலை கிடந்த சொசேஜைக் கீழை விழுத்திப்போட்டுத் தேடுறான்.

திரும்பி வரேக்கை, கார் ரிங் ரோட்டிலை ஏறின பிறகு பின்சீற்றிலையிருந்து சுபாங்கன் இங்கிலிஷிலை கேட்டான், அப்பா நீங்கள் என்னைச் சோம்பேறி எண்டு உண்மையாத்தான் நினைக்கிறியளோ எண்டு. நான் கண்ணூறைப் பற்றி விளங்கப்படுத்தத் தொடங்க, அவன் காதிலை பாட்டு மாட்டிப்போட்டான். மயூரா அண்டைக்குத் தொடக்கம் என்னோடை கதைக்கிறது, சோறு போடட்டோ, காணுமோ எண்டதோடை சரி. அதுவும் என்ரை முகத்தைப் பார்த்துக் கேக்கிறேல்லை.

நான் கெடுத்ததை நான்தானே திருத்தவேணும் எண்டு, செவ்வாய்க்கிழமை வேலையாலை நேரை மைதானத்துக்குப் போனன். மழை தூறிக்கொண்டிருந்தது. கோச்சை ஒரு பக்கமாக் கூப்பிட்டு, அண்டைக்குச் சொன்னது எங்கடை ஆக்களின்ரை ஒரு பழக்கம், என்ரை மகன் கெட்டிக்காரன் எண்டன். சொல்லத் தொடங்கினது நிக்கேல்லை அத்தான். இவ்வளவு வருசமும் தொண்டைக்குள்ளை கிடந்ததெல்லாம் வெளியிலை வந்திட்டுது. அவன் குளிருக்குள்ளை எழும்பி ஓடுறது, விரல் வீங்கினாலும் பந்தை எடுக்கிறது, தான் விட்ட பந்துக்கு எறிஞ்சவனிலை ஒருநாளும் பழி போடாதது, எல்லாம் சொன்னன். கடைசியா, "இப்பிடி ஒரு பிள்ளைக்குத் தகப்பனா இருக்கிறது எனக்குப் பெருமை" எண்டும் சொல்லிப்போட்டன். திரும்பிப் பார்க்கிறன், ஹெல்மெற்றைக் கையிலை வைச்சுக்கொண்டு அவன் பின்னாலை நிக்கிறான். என்னைப் பார்க்காமல் புல்லைப் பார்த்தான். நானும் புல்லைத்தான் பார்த்தன்.

கோச்சின்ரை முகம் வாடிப்போச்சு. ஞாயிற்றுக்கிழமை வந்த தகப்பன்மாருக்குள்ளை உண்மை சொன்ன ஒரே ஆள் நான்தானாம். இப்பிடிப்பட்ட தகப்பனிட்டை வளர்ந்த பெடியன் எவ்வளவு ஏச்சையும் தாங்குவான், அவனைத் திருத்தி எடுக்கலாம் எண்டு அந்த இடத்தை இவனுக்கே குடுக்க இருந்தவராம். இப்ப நீங்களும் மற்றவை மாதிரி வந்திட்டியள், நான் திரும்ப யோசிக்கவேணும் எண்டார். அத்தான், நான் என்னத்தைச் சொல்ல? வாயை மூடிக்கொண்டு வீட்டிலை இருந்திருந்தால் பிள்ளை தப்பியிருப்பான். அவனுக்கு அந்த இடத்துக்குத் தகுதி இருக்கோ எண்டு நீங்கள் கேட்டால், பந்து பிடிக்கிறது ஒண்டைத் தவிர மற்ற எல்லாத் தகுதியும் இருக்கு. கோச்சுக்கு அந்த ஒண்டுதான் கண்ணிலை படுது.

வெள்ளிக்கிழமை பேர்ப்பட்டியல் வரும். அவன்ரை பேர் வராது எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. லீவுக்கு அவனை உங்களிட்டை அனுப்புறன். ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குக் காரிலை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ. நல்லாச் சாப்பிடக் குடுங்கோ. ஃபுட்போல் எண்ட கதையையே எடுக்காதேயுங்கோ.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும், காரணத்தைச் சொல்ல வேண்டாம். அந்த வெங்கடேசப் பெருமாள் உங்கள் இருவரையும் நோய் நொடியின்றிக் காக்கட்டும். நேரம் மிஞ்சினால் எங்கள் பக்கமும் ஒருக்கால் திரும்பிப் பார்க்கட்டும்.

தங்கள் ஆசியை நாடும் மைத்துனன்,
சிவபாலன்

பி.கு.: முத்திரை வாங்க மறந்து கடிதம் மேசையிலேயே கிடந்திட்டுது. அதுக்குள்ளை பட்டியல் வந்து, சுபாங்கன்ரை பேரும் வந்திட்டுது. என்னாலை இல்லை. இந்த அணி தன்ரை மகன்ரை திறமைக்குப் போதாது எண்டு மற்றப் பெடியன்ரை தகப்பன் அவனை வேறை கழகத்துக்குக் கொண்டுபோயிட்டாராம். மயூரா பாயசம் வைச்சு, என்னோடை முழு வசனமாக் கதைச்சவ. நேற்று முதல் ஆட்டம். அவன் பந்தைப் பிடிச்சிட்டான் அத்தான், இரண்டு கையாலையும், வடிவா. அப்பதான் எனக்கு ஒரு விசயம் விளங்கினது. பந்தைப் பிடிச்சவனைத்தான் விழுத்துவினம். இவ்வளவு நாளும் பிடிக்காததாலை என்ரை பிள்ளையிலை ஒருத்தரும் கை வைக்கேல்லை. ஒவ்வொருத்தனும் ஃபிரிட்ஜ் அளவு, மூண்டு பேர் ஒண்டா வந்து மேலை விழுந்தாங்கள். அவன் அடியிலையிருந்து சிரிச்சுக்கொண்டு எழும்பினான், எனக்குத்தான் கதிரையாலை எழும்ப ஏலாமல் போச்சு. ஆனபடியால் நீங்கள் மாமன் எண்ட முறையிலை அந்தக் கோச்சுக்கு நல்ல இங்கிலிஷிலை எழுதிப்போடுங்கோ, இந்தப் பெடியன் சரிவரான், அணியிலையிருந்து நிப்பாட்டிவிடுங்கோ எண்டு. நானே நேரை போய்ச் சொல்லலாம்தான். ஆனால் அவனைக் குறைச்சுச் சொல்ல இனி எனக்கு வாய் வராது.