அசரியாவின் எஞ்சினும் ஆராதனை முடிந்து கூடிய கமிட்டியும்

மோட்டார் சைக்கிளைக் கண்டுபிடித்தவர்கள் ஐரோப்பியர்கள் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்கின்றன. சொல்லட்டும். அதைக் 'குணப்படுத்தியவர்கள்' மேற்குத் தாம்பரத்துக்காரர்கள் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாததால், அந்த மகத்தான பணியில் காரியதரிசியாக இருந்த நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுபத்துநாலாம் வருஷம். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் போதகர் ஐயரிடம் பேசப் போவார்கள். ஆண்கள் நேராகக் கோயில் வாசல் தூங்குமூஞ்சி மரத்தடிக்கு வருவோம். அங்கேதான் பள்ளிக்கூட வாத்தியார் அசரியாவின் மோட்டார் சைக்கிள் நிற்கும். சபையில் வண்டி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். வாங்கிச் சில வருஷம் ஆகியும் அது ஒரே உதையில் கிளம்பியது. நடுவழியில் நின்றதே கிடையாது. இது எங்களுக்கு மிகுந்த கவலை அளித்தது.

"நிக்காத வண்டியை நம்பவே கூடாது சார். உள்ளுக்குள்ள என்னமோ மறைக்குது" என்றார் தனசிங். கோட்டையில் ஒரு இலாகாவில் சூப்பரிண்டெண்டாக இருந்தவர். எதையும் மறைப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும்.

அன்றே 'எஞ்சின் அபிவிருத்திக் கமிட்டி' உதயமாயிற்று. தலைவர் தனசிங், காரியதரிசி நான், உறுப்பினர்கள் அந்த நேரம் மரத்தடியில் நின்றவர்கள். நடைமுறையெல்லாம் சபைக் கமிட்டி மாதிரியேதான். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், மற்றவர்கள் கை தூக்குவார்கள். எஞ்சினுக்கு மட்டும் ஓட்டு கிடையாது.

முதல் தீர்மானம், காற்று வடிகட்டியைக் கழற்றுவது. "மூக்கில துணியைக் கட்டிக்கிட்டு யாராவது ஓடுவாங்களா?" என்று தலைவர் கேட்டார். யாரும் ஓடுவதில்லை என்பதால் கழற்றினோம். இரண்டாவது, சைலன்சருக்குள் இருந்த குழாயை உருவுவது. அதன் பிறகு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தின்போது அசரியா அந்தப் பக்கம் போனால், ஐயர் பிரசங்கத்தை நிறுத்தி, வண்டி பெருங்களத்தூர் தாண்டும்வரை காத்திருந்தார். எஞ்சின் இவ்வளவு பேசும் என்று கம்பெனிக்காரனே நினைத்திருக்க மாட்டான்.

மூன்றாவதுதான் எங்கள் சிகரம். அது பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய வண்டி. அதனால் புகை வரும். அந்தப் புகை பாடகர் குழுவின் வெள்ளைச் சேலைகளில் படிகிறது என்று புகார் வந்தது.

"ஆயிலே வேணாம். சுத்தமா நிறுத்திடுங்க" என்றார் யேசுதாசன். அக்கவுண்ட்ஸில் இருந்தவர், எதையும் வெட்டியே பழக்கம்.

"இவ்வளவு ஆயில் இல்லேன்னா எஞ்சின் இறுகிடும்னு கம்பெனி புஸ்தகத்துல போட்டிருக்கே அண்ணே" என்று அசரியா முனகினார்.

"சபையில மனஸ்தாபம் எதுக்கு? ரெண்டு பேருக்கும் பொதுவா, பாதி ஊத்துங்க" என்று தனசிங் தீர்த்து வைத்தார். எல்லோரும் கை தூக்கினோம். அசரியாவும் தூக்கினார். ஒரு பிஸ்டனின் தலைவிதி இவ்வளவு நாகரிகமாக எந்த நாட்டிலும் தீர்மானிக்கப்பட்டிருக்காது.

மறுநாள் அசரியாவின் மனைவி தபீதாளுக்குக் கூடுவாஞ்சேரியில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர் வேலையில் சேர வேண்டியிருந்தது. வருஷக்கணக்காகக் காத்திருந்து வந்த வேலை. காலை மணி அடிப்பதற்குள் கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

"நான் ட்ரெயின்லயே போயிடறேங்க. இந்த வண்டி இப்பல்லாம் ஒரு மாதிரி மூச்சு வாங்குது" என்றாள் தபீதாள்.

அசரியாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கமிட்டி பாத்த வண்டி தபீதா இது!"

பிறகு நடந்ததை அசரியாவே எங்களிடம் சாட்சி சொன்னார். பெருங்களத்தூரில் தபீதாள், "என்னங்க, கால்ல அனல் அடிக்குது" என்றாளாம். "அது பவர்" என்றாராம் இவர். வண்டலூர் தாண்டியதும் கீச்சென்று ஒரு சத்தம். பின்சக்கரம் இறுகி, வண்டி கோடு கிழித்துக்கொண்டு போய் நின்றது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நல்லவேளை, இருவருக்கும் அடி இல்லை.

சைக்கிளில் பால்கேனோடு வந்த சேட்டு என்ற பால்காரன் இறங்கி நின்றான். "இன்னா சார், வண்டி இப்டி குந்திகினு கீது?"

"எஞ்சின் ஜாம் ஆயிடுச்சுப்பா."

"இதுக்கா பேஜாராயிட்ட? துணிப்பொட்டில போடுவாங்களே பாச்சா உருண்டை, அத்த ரெண்டு எட்த்து டேங்க்ல போடு சார். சொம்மா பறக்கும்!"

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் எங்கள் கமிட்டியை அறியாதவர்கள். அசரியா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "உருண்டையா போடணுமா, பொடி பண்ணியா?" என்று கேட்டார். சேட்டு யோசித்தான். பதில் வருவதற்குள் பின்னால் ஒரு சத்தம். திரும்பினால், செங்கல்பட்டு பஸ்ஸின் முதுகுதான் தெரிந்தது. ஜன்னலில் தபீதாளின் கையும் தெரிந்ததாம். ஆனால் அது டாட்டா காட்டவில்லையாம்.

அவள் மணி அடிக்கும்போது பள்ளிக்குள் ஓடினாள். அடுத்த பெயர்க்காரி பெஞ்சில் தயாராக உட்கார்ந்திருந்தாளாம். தபீதாள் மூச்சிரைக்கக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்தப் பெண் எழுந்தாளாம்.

அடுத்த ஞாயிறு கமிட்டி அவசரமாகக் கூடியது. மாட்டு வண்டியில் வந்து சேர்ந்த எஞ்சினை மரத்தடியில் வைத்து எல்லோரும் சுற்றி நின்றோம். 'தரம் கெட்டுப்போன கம்பெனியின் பொறுப்பற்ற வேலையை இக்கூட்டம் வன்மையாகக் கண்டிக்கிறது' என்று நான் முன்மொழிந்தேன். யேசுதாசன் வழிமொழிந்தார். கைகள் மேலே போகும் நேரத்தில், ஐயரிடம் பேசிக்கொண்டிருந்த பெண்களை விட்டு தபீதாள் மட்டும் எங்களிடம் வந்தாள். சபை சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

"தனசிங் அண்ணே, நீங்க தினம் ஆபீசுக்கு எதுல போறீங்க?"

"எலெக்ட்ரிக் ட்ரெயின்லதாம்மா."

"இங்க நிக்கிற மத்தவங்க?"

"எல்லாருமே ட்ரெயின்தான்."

"அதோட எஞ்சினை என்னிக்காவது கழட்டிப் பாத்திருக்கீங்களா?"

தலைவரின் முகத்தில் உண்மையான துக்கம் படர்ந்தது. "கிட்டயே விடமாட்டேங்கறானேம்மா! எத்தனை ஐடியா வச்சிருக்கேன் தெரியுமா?"

"அதான் அண்ணே," என்றாள் தபீதாள், "தினமும் டயத்துக்கு ஆபீஸ் போய்ச் சேர்றீங்க."