பூஜை நாளில் உறுமிய லாரி

நாமக்கல்லை விட்டு நகராமலே உலக நாடுகள் அத்தனையையும் சுற்றி வந்த ஒரே மனிதர் எங்கள் ‘ஆல்பம்’ அண்ணன்தான். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் நான் கணக்கர். அவருக்குப் பாட்டு செட் மாட்டும் வேலை. அவருடைய சொந்தப் பெயர் முதலாளிக்கே மறந்துவிட்டது.

மற்றவர்கள் செட்டை மாட்டி ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். இவர் டிரைவரை உட்கார வைத்து, நாடி பார்க்கும் வைத்தியர் மாதிரி விசாரிப்பார்.

“எந்த ரூட்டுங்க?”

“நாக்பூருங்க.”

“அப்ப மாலி நாட்டு ஆல்பம் தாரேன். பாலைவனத்து ஆளுங்க எலக்ட்ரிக் கித்தார் வாசிக்கறாங்க. வெயிலே தெரியாது.”

அஸ்ஸாம் போகிறவருக்குத் துருக்கிப் புல்லாங்குழலும் கம்ப்யூட்டர் தாளமும். தூங்கி வழிகிறவருக்கு, நாதஸ்வரமும் சாக்ஸபோனும் சண்டை போடும் ஆல்பம். யாராவது ஒரு பாட்டு மட்டும் போதும் என்றால் கோபம் வந்துவிடும். “சோத்துல ஒரு பருக்கைய மட்டும் திம்பீங்களா?”

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னையும் கேபினில் ஏற்றிவிடுவார். சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரித்திருக்காது. கண்ணாடிக்கு அப்பால் வெயிலில் கொல்லிமலை மிதக்கும். ஆப்பிரிக்கக் கம்பி வாத்தியத்தின் மேல் பியானோ சொட்டச் சொட்ட, நிற்கிற லாரி மெல்ல நகர்வது போலிருக்கும். பக்கத்து வெல்டிங் சத்தம் எங்கோ கடலுக்கு அக்கரையில் கேட்கும். எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோகும்.

முதலாளிக்கு இதெல்லாம் ஆகாது. ஒரு பூஜையில் பிரேசில் மத்தளம் முழங்கியதிலிருந்து, “இன்னொருக்கா பூஜையில சாமி பாட்டத் தவிர வேற எதாச்சும் ஓடுச்சு, நீ ஊட்டுக்குப் போயிர வேண்டியதுதான்” என்று அண்ணனிடம் கறாராகச் சொல்லியிருந்தார்.

அப்புறம்தான் நாமகிரிப்பேட்டை மஞ்சள் வியாபாரி தன் முதல் லாரியை எடுக்கக் குடும்பத்தோடு வந்தார். மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. டிரைவர் சாவியைத் திருப்பினார். வழியில் கேட்கட்டும் என்று அண்ணன் செருகி வைத்திருந்த மங்கோலியா ஆல்பம் தானாக ஓட ஆரம்பித்தது. அந்த ஊர்க்காரர்கள் அடித்தொண்டையிலிருந்து பாடுகிறவர்கள்.

‘ர்ர்ர்ங்ங்’ என்று ஓர் உறுமல். டிரைவர் பதறிப்போய் வண்டியை அணைத்தார், நின்றது. மறுபடி திருப்பினார், உறுமியது. மெக்கானிக் லாரிக்கடியில் பாய்ந்து படுத்துக் காது கொடுத்தார்.

“பேரிங் போச்சுங்க!”

“புது வண்டியிலயா? எனக்கு இந்த வண்டியே வேண்டாமுங்க” என்று வியாபாரி மாலையைக் கழற்றப் போனார்.

அண்ணன் வாயை மூடிக்கொண்டு பென்டிரைவை உருவியிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் அவருக்குப் பொறுக்கவில்லை.

“பேரிங்கா? இந்தத் தொண்டை வர எத்தன வருசம் சாதகம் பண்ணோணும், தெரியுமாங்க?”

முதலாளியின் முகம் சிவந்தது. “ஆருய்யா போட்டது?”

அண்ணனின் வேலை போகப் போகிறது என்று தெரிந்ததும் நான் முன்னால் வந்தேன். “நாந்தானுங்க போடச் சொன்னேன். கேக்கோணும்னு ஆசையா இருந்துச்சு” என்றேன். ஜி.எஸ்.டி. விவகாரம் முழுக்க என் தலையில் இருப்பதால் என்னை விரட்ட முதலாளிக்கு வசதிப்படாது; முறைப்பதோடு விட்டுவிட்டார். பேரிங் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த வியாபாரி சிரித்துக்கொண்டே பழத்தை நசுக்கி வண்டியைக் கிளப்பச் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு அண்ணன் என்னிடம் வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று கூச்சத்தோடு நின்றேன்.

“ஏனுங்க, மங்கோலியா மேல இத்தன ஆசைன்னு சொல்லவே இல்லீங்களே? இதைவிட நல்லது ஒண்ணு இருக்குது, அடுத்த வண்டியில ஏறுங்க.”

ஏறினேன். தொண்டைப் பாட்டு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் அவர் கண்ணை மூடித் தலையாட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியுமென்றால், எத்தனை ஆல்பம் வேண்டுமானாலும் கேட்பேன்.