கிளப்புக்குச் சொந்தமான கை

மெல்பர்ன் தமிழர்களில் கையண்ணையைத் தெரியாதவர்கள் யாருமில்லை. தெரிந்தவர்களில் ஒருமுறையாவது அவரிடம் கோபித்துக்கொள்ளாதவர்களும் யாருமில்லை. மனிதர் எதைக் கொடுத்தாலும் இடது கையால் கொடுப்பார். யார் எதை நீட்டினாலும் இடது கையால் வாங்குவார். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் விபூதி கொடுக்க வந்த ஐயரே திகைத்துப்போனார்.

"தம்பி, வலக்கையை நீட்டும்."

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. அது என்ர கை இல்லை, கிளப்பின்ர கை. கொன்ட்ராக்ட் போட்டாச்சு."

ஐயர் என்னைப் பார்த்தார். நான் ஏதோ பெரிய வேண்டுதல் இருப்பதுபோல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நான் மதுரை. மல்கிரேவில் ஒரு வீட்டை இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். பகலில் அவருக்குப் பெயிண்ட் கடையில் வேலை. இருபது லிட்டர் டின்னையும் இடது கையாலேயே தூக்கித் தூக்கி, ஒரு தோள் இறங்கி ஒரு தோள் ஏறி, ஆணி கழன்ற காலண்டர் மாதிரி சாய்ந்துதான் நடப்பார்.

அந்த வலது கைக்கு அவ்வளவு மரியாதை வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ் ஆட்கள் கிரிக்கெட் ஆடுவோம். ரிட்டயரான என்ஜினியர் ஒருவர் அம்பயராக நிற்பார். அவர் பெயரே எல்லோருக்கும் மறந்துபோய் அம்பயர் அங்கிள் என்றே ஆகிவிட்டது. கையண்ணை முதன்முதலாகப் பந்து வீசிய அன்று அங்கிள் வரிசையாக நோ-பால் கொடுத்தார். இருபது நிமிஷம் ஆகியும் அந்த ஓவர் முடியவில்லை. பேட்ஸ்மேன் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான்.

"தம்பி, நீர் பந்து போடேல்லை, எறியிறீர். முழங்கை மடங்குது!"

"அப்ப எறியிறதுக்கெண்டு ஒரு விளையாட்டு இல்லையோ அங்கிள்?"

"இருக்கு, இருக்கு. வேலிக்கு அங்கால போய்ப் பாரும்!"

அங்கிள் நக்கலாகத்தான் சொன்னார். இவர் நிஜமாகவே வேலியைத் தாண்டிக் குதித்துவிட்டார். அந்தப் பக்கம் பேஸ்பால் மைதானம். இந்தப் பக்கம் எது குற்றமோ, அந்தப் பக்கம் அதற்குத்தான் கைதட்டல். நாலு வருஷம் பேட்டைக் கிளப்பில் எறிந்தார். ஐந்தாம் வருஷம் ஒரு தொழில்முறை அணி, ஒரே ஒரு கோடைக்கு, அவரை ரிலீஃப் பிட்சராக ஒப்பந்தம் செய்தது. முதலில் எறிகிறவர் களைத்துப்போனால் இறங்கி எறிகிற ஆள். வயது முப்பத்தாறு. மேட்சில் இறங்கி நன்றாக எறிந்தால் அடுத்த கோடை உண்டு, இல்லையென்றால் அவ்வளவுதான் என்று கோச் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

"எனக்கு அடுத்த வருசமெல்லாம் வேண்டாம் தம்பி," என்றார் கையண்ணை என்னிடம். "ஒருக்கா, ஒரே ஒருக்கா, உண்மையான மட்ச்சிலை எறிஞ்சாக் காணும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் குடிவந்தது. அந்தக் கை. அதற்குத் தனித் தலையணை, தனிப் போர்வை. ஃப்ரீசரிலிருந்த பட்டாணிப் பாக்கெட்டெல்லாம் அதன் தோள்பட்டைக்கு ஒத்தடம் வைக்க. அது தெரியாமல் ஒரு நாள் நான் குருமா வைத்துவிட்டேன். சமையலறைக்குள் வந்தவர் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அட பாவி! என்ர பிசியோதெரப்பியைக் கறி வச்சிட்டியே!"

மூன்று தட்டு சாப்பிட்டார் என்பது வேறு விஷயம்.

ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அட்சதை கையில் வந்தது. உடம்பைச் சூடேற்றாமல் எதையும் எறியக் கூடாதாம். மணவறைக்கு முன்னால் நின்று கையைக் காற்றாடி மாதிரிச் சுழற்ற ஆரம்பித்தார். முன்வரிசை ஆன்ட்டிகள் நகையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். கெட்டிமேளம் கொட்டியது. எல்லோர் அட்சதையும் காற்றில் பறந்து கண்ட இடத்தில் விழ, இவர் எறிந்தது மட்டும் ஓர் அரிசி சிதறாமல் போய் மாப்பிள்ளை மூக்கில் மோதிக் கண்ணாடியைக் கழற்றியது. மாப்பிள்ளை தாலியைத் தடவித் தடவித்தான் கட்டினார். "கொன்ட்ரோல் வந்திட்டுது தம்பி," என்று என் காதில் பூரித்தார்.

கன்ட்ரோல் வந்து என்ன செய்ய? எறியக் கூப்பிட வேண்டுமே! சொந்த மைதானத்தில் நடந்த ஆட்டம் ஒன்றுவிடாமல் போனோம். அம்பயர் அங்கிளும் வருவார். "அந்த முழங்கையிலை எனக்கு இன்னும் ஒரு டவுட் இருக்கு," என்று கழுத்தில் பைனாகுலரும் மடியில் மட்டன் ரோல்ஸ் டப்பாவுமாக உட்காருவார். கையண்ணை ஓரத்தில் கையைச் சுழற்றுவார், காத்திருப்பார், ஆட்டம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வருவார். வேறு வழியில்லாமல் அவர் தண்ணீர் குடித்தபோதெல்லாம் நாங்கள் கைதட்டினோம். வாரம் போகப் போக வீட்டில் அவர் பேச்சுக் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு அந்தக் கோச்சை அடிக்கலாம் போலிருந்தது.

கடைசி ஆட்டமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சரியான வெயில். கடைசி இன்னிங்ஸ். எங்கள் அணி ஒரே ஒரு ரன் முன்னால். எதிரணியில் இன்னும் ஓர் ஆள் அவுட்டானால் ஜெயித்தோம். ஆனால் மூன்று பேஸிலும் அவர்கள் ஆட்கள் ஓடத் தயாராக நிற்கிறார்கள்; ஒரு நல்ல அடி விழுந்தால் தோற்றோம். எறிந்துகொண்டிருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். மற்றவர்களை ஏற்கெனவே எறிய வைத்து முடித்தாயிற்று. கோச் ஓரத்தைப் பார்த்துக் கையசைத்தார்.

கையண்ணை நடந்து வந்தார். அன்றைக்கு மட்டும் நேராக நடந்தார்.

அங்கிள் பைனாகுலரைத் தூக்கினார். என் கையிலிருந்த ரோல்ஸ் நசுங்கியது. கையண்ணை காலைத் தூக்கினார், எறிந்தார்.

"நோ-போல்!" என்று அங்கிள் பழக்கதோஷத்தில் கத்த, மட்டை பந்தில் 'டமார்' என்று பட, பந்து எறிந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் கையண்ணையின் முகத்தை நோக்கியே திரும்பி வந்தது. இடது கையில் சோற்றுப் பானை அளவுக்குத் தோல் கையுறை இருக்கிறது; அது இருப்பதே பந்தைப் பிடிக்கத்தான். மனிதர் என்ன செய்தார்? சின்ன வயசிலிருந்து கிரிக்கெட்டில் பிடித்த பழக்கம், வெறும் வலது கையை நீட்டி லபக்கென்று பிடித்துவிட்டார்!

அவுட். ஆட்டம் முடிந்தது. அணியே அவர்மேல் விழுந்து கூத்தாடியது. "பிடிச்சிட்டான்! கடவுளே, என்ர பெடியன் பிடிச்சிட்டான்!" என்று அழுதவர் அம்பயர் அங்கிள். அந்தக் கும்மாளத்துக்கு நடுவே கையண்ணை மட்டும் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரல்கள் போகக் கூடாத திசையில் போயிருந்தன.

எமர்ஜென்சியில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், இனிமேல் பேஸ்பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரே பந்தில் ஆரம்பித்து அதே பந்தில் முடிந்தது அவருடைய தொழில்முறை வாழ்க்கை. வேலையில் பட்ட காயம் என்பதால் நர்ஸ் ஒரு ஃபாரம் கொண்டுவந்து கொடுத்தார். கையண்ணை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'தொழில்' என்ற கட்டம் வந்தது.

"பெயின்ற் கடை எண்டு போடு தம்பி. இனி அதுதானே," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் என்னைப் பார்க்காமல் சுவரிலிருந்த டிவியைப் பார்த்துச் சொன்னார்.

நான் கட்டத்துக்கு வெளியே போகிற அளவுக்குப் பெரிய எழுத்தில் 'பேஸ்பால் பிட்சர்' என்று எழுதிக் கொடுத்தேன்.

நர்ஸ் வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "பிட்சரா? நல்லா எறிவாரா?"

"எனக்குத் தெரிஞ்சவரைக்கும் இவரை மாதிரி ஒரு பிட்சர் கிடையாதுங்க," என்றேன். வேறு பிட்சர் யாரையும் எனக்குத் தெரியாது என்பது உண்மைதான். தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.